எண்சுவடியும் பெற்றாரும்

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கின்றது என்பதைப் பெற்றார் அறியவேண்டுமாயின் இந்நாளில் ஒரு கடிதம் வரவேண்டும். அல்லது கைத்தொலைபேசியில் ஒரு செய்தி வந்து விழவேண்டும். விளையாட்டுப் போட்டி எந்நாள், தவணைப் பரீட்சை எந்நாள், பெற்றார் கூட்டத்துக்கு எத்தனை மணிக்கு வருவது என்பனவெல்லாம் அதில் இருக்கும். பிள்ளை இந்தக் கிழமை எந்த எண்வரை எண்ணிற்று, கூட்டலில் எவ்விடத்தில் தடுமாறுகின்றது என்பது மாத்திரம் பெரும்பாலும் இராது. ஒரு காலத்தில் இச்செய்தியை அறிவதற்குத் தெருவால் நடந்து போகும் ஒருவருக்குக்கூடச் செவி ஒன்றே போதுமாயிருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தின் ஓசை அயல் முழுவதும் கேட்டது. அவ்வோசை எவ்வாறு அடங்கிற்று, அது அடங்கியபின் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே என்ன நேர்ந்தது என்பதையே நாம் இங்கே சிறிது ஆராயப் புகுகின்றோம்.

யாழ்ப்பாணத்தார் திண்ணைப் பள்ளி ஆசிரியரைச் 'சட்டம்பியார்' என்று வழங்கினர். அவருக்கெனத் தனிக் கட்டடம் இல்லை. ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு கோயில் மடம், மழையில்லாத நாளில் ஒரு மரநிழல், இவையே பள்ளி. மணல் பரப்பி விரலால் எழுதுதல் முதலாவது. பின்னரே ஓலையும் எழுத்தாணியும். பாடத்தை எல்லாரும் சேர்ந்து உரத்துச் சொல்லுதல் வழக்கம். வயிற்றுக்காகக் கூலி வேலைக்குப் போகும் தகப்பனும், கிணற்றடியில் நிற்கும் தாயும் தம் பிள்ளையின் குரலைப் பிரித்தறிவர். இன்று எட்டாம் வாய்பாட்டில் பயல் நின்றுவிட்டான் என்பதை அறிய அவர்களுக்கு ஒரு முன்னேற்ற அறிக்கை வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய பள்ளிகளைப் பற்றிய விரிந்த பதிவு ஒன்று அக்கரையிலே கிடைக்கின்றது. சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த தோமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டிலே தம் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்குக் கட்டளையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 188,650 பிள்ளைகளும் இருந்தனர். பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள் என்ற அளவு. பதினைந்து பிள்ளைகளின் பெற்றாரை ஓராசிரியர் அறியாதிருத்தல் இயலாத காரியம் என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

அக்கணக்குக்காக வந்த அறிக்கைகளுள் பெல்லாரிக் கலெக்டர் கம்பெல் 1823இல் அனுப்பியது மிகச் சுவையானது. பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய நாடு. ஆயினும் அவர் வருணிக்கும் வழக்கங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது நல்லநாள் பார்த்து, ஆசிரியரும் பள்ளிப் பிள்ளைகளும் அப்பிள்ளையின் வீட்டுக்கு அழைக்கப்படுகின்றனர். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி எல்லாரும் அமர, ஆசிரியர் புதுப்பிள்ளையின் கையைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கின்றார். மறுநாள் பிள்ளை பள்ளிக்குப் போகின்றது. நம்மவர் விசயதசமியில் ஏடு தொடக்குவது இதுவேயன்றோ! இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பிள்ளை பள்ளிக்கு வருமுன் பள்ளி முழுவதும் வீட்டுக்கு வந்தது. ஆசிரியர் அவ்வீட்டின் அடுப்படியையும் வறுமையையும் செழிப்பையும் ஒருமுறை கண்டபின்னரே அப்பிள்ளைக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்.

கம்பெல் கூறும் இன்னொரு வழக்கமும் உண்டு. காலையில் முதலாவதாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும், அது மரியாதை. இரண்டாவது வருபவன் கையில் ஒரு சுன்னம். புகழுமில்லை, இகழுமில்லை என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, இப்படியே ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போகும். ஒன்பதாவதாக வருபவனுக்கு ஏழு அடி என்பதை வழியிலே ஓடிவரும்போதே அவன் கணக்கிட்டிருப்பான். கழித்தற் கணக்கைக் கற்பிக்க இதனினும் விரைவான வழியை நாம் கண்டதில்லை, விரும்பத்தக்க வழி என்றும் சொல்லவில்லை. ஆனால் மாலையில் வீடு திரும்பும் பிள்ளையின் உள்ளங்கையைப் பார்த்தால் அன்று பள்ளியில் அது எவ்வாறு இருந்தது என்று தாய்க்குத் தெரிந்துவிடும். அந்த உள்ளங்கையே வீட்டுக்கு வந்த கடிதம்.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் கம்பெல் மெச்சினார். இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றார். அவர் சொன்னது உண்மை. சென்னை எழும்பூரிலே படையாட்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை 1789 தொடக்கம் நடத்திய அந்திரு பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்தி, 1797இல் இலண்டனில் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று. நமது சட்டாம்பிள்ளை கடல் கடந்து போய், பின்னர் மேனாட்டு உடையணிந்து நமது பாடசாலைகளுக்கே திரும்பி வந்த கதை அது.

இனி எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவோம். நமது கட்டுரையின் உயிர்நிலை அதுவே.

திண்ணைப் பள்ளியில் கணக்குக்கு மூன்று சுவடிகள் வழங்கின: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. பொன்னிலக்கம் எண்களையும் கீழ்வாய் என்னும் பின்னங்களையும் வரிசைப்படுத்தும். நெல்லிலக்கம் முகத்தலளவையைச் சொல்லும். எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. அச்சுப் புத்தகம் இல்லாத அக்காலத்தில், பிள்ளை தன் சுவடியைத் தானே எழுதிக்கொள்ளவேண்டும். ஆசிரியர் சொல்ல, பிள்ளை கேட்டு, மனத்தில் இருத்தி, ஓலையில் எழுதும். எழுதி முடித்த நாளில் பிள்ளையிடம் ஒரு நூல் இருக்கும். அந்நூல் வீட்டிலும் இருக்கும்.

இச்சுவடிகளின் அளவைகளைப் பாருங்கள். 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் 360 நெல்லை ஒரு செவிடு என்று கொள்ளும். அப்படியாயின் ஒரு நாழியில் 40 செவிடு, அதாவது 14,400 நெல். ஒரு கலத்தில் 96 நாழி. இது பள்ளிக்கூடத்துக்கென்று புனைந்த கணக்கன்று. அரிசிப் பானைக்கும் களத்துமேட்டுக்கும் உரிய கணக்கு. உழக்கு என்ற சொல்லைப் பிள்ளை சுவடியில் காணுமுன் தாயின் கையிலே கண்டிருக்கும். எண் புதிதாயிருந்தாலும் பொருள் பழையது. இற்றைநாள் ஆசிரியர் படம் வரைந்தும் அட்டை வெட்டியும் உண்டாக்க முயலும் அந்தப் பழக்கத்தை அக்காலத்து அடுக்களை இலவசமாகக் கொடுத்தது.

பின்னங்களோ இன்னும் வியப்பானவை. கால், அரை, முக்கால் யாவரும் அறிந்தன. அரைக்கால் எட்டில் ஒன்று. வீசம் பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி 320இல் ஒன்று. 320 என்னும் எண்ணை முன்னோர் ஏன் தெரிந்தெடுத்தனர்? 16ஐ 20ஆல் பெருக்கினால் 320. ஆதலின் வீசமும் மாவும் ஆகிய இரண்டு கிளைகளும் முந்திரியில் வந்து ஒன்றுசேரும். வீசம் 20 முந்திரி. மா 16 முந்திரி. காணி 4 முந்திரி. ஒரு வீசத்தையும் ஒரு மாவையும் கூட்டவேண்டுமாயின், இன்றைய மாணவன் பொதுப் பகுதியைத் தேடித் தாளில் நாலு வரி எழுதுவான். திண்ணையில் இருந்த பிள்ளை இருபதும் பதினாறும் முப்பத்தாறு முந்திரி, நான்கு முந்திரி ஒரு காணி, ஆகவே ஒன்பது காணி என்று வாயாற் சொல்லிவிடும். முக்காலில் முக்கால் எவ்வளவு என்றால் 'அரையே வீசம்' என்பது விடை. பாதியோடு பதினாறில் ஒன்று, சரியாகவே இருக்கின்றது.

ஒவ்வொரு வாய்பாட்டின் முடிவிலும் அதன் விடைகளையெல்லாம் கூட்டிய தொகையைச் சொல்லி முடிக்கும் வழக்கமும் இருந்தது. ஏழாம் வாய்பாட்டைப் பத்துவரை சொன்னால் விடைகளின் தொகை 385. இடையில் ஒன்று பிசகினாலும் தொகை வாராது. எழுத்தறியாத ஒரு பாட்டியும் அந்த முடிவுத் தொகையை மாத்திரம் கேட்டறிந்திருந்தால், விளக்கு வைத்தபின் திண்ணையில் அமர்ந்து பேரனின் பாடத்தைச் சோதிக்கலாம். முன்னோர் இதை இந்நோக்கத்தோடுதான் செய்தார்கள் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் வீட்டார் பாடத்தில் பங்குகொள்ள ஒரு வாயில் அதிலே திறந்திருந்தது.

பள்ளியின் நிகழ்ச்சிகளை வீட்டார் அறியும் பெருநாள் நவராத்திரி. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் அக்காலத்தே ஆசிரியர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வார். பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடுவர். வீட்டார் ஆசிரியருக்குத் தம்மால் இயன்றதைக் கொடுப்பர். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அக்காலத்துத் திண்ணைப் பள்ளி வாழ்க்கையை நமக்கு நன்கு காட்டும். வசூலுக்காகச் செய்த காரியம் என்று சிலர் இதனை இகழலாம். வசூல்தான், ஆசிரியரின் வயிறும் நிரம்பவேண்டுமே! ஆயினும் அந்நாளில் பெற்றார் பள்ளிக்குப் போய்க் காத்திருக்கவில்லை. பள்ளி அவர்கள் முற்றத்தில் வந்து நின்றது.

இவ்வளவு சொன்னபின், திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கும் ஆசை எவர்க்கும் எழக்கூடும். அது தவறு. கம்பெலின் பெல்லாரியில் 533 பள்ளிகளில் 6,641 பிள்ளைகள் படித்தனர். அவர்களுள் பெண்பிள்ளைகள் 60 பேர் மாத்திரம். நமது நாட்டிலும் பெண்ணுக்குத் திண்ணையில் இடமிருக்கவில்லை. அவ்வோசையைக் கேட்ட தாய்மாருட் பெரும்பாலார் அதிலிருந்த ஒரெழுத்தையும் எழுதத் தெரியாதவர்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கோ திண்ணை மாத்திரமல்ல, அத்திண்ணை இருந்த வளவே அடைபட்டிருந்தது. 1930ஆம் ஆண்டளவில் உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம் என்று அரசினர் விதித்தபோது, யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளுக்குத் தீ வைக்கும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. பெற்றார் பள்ளியில் ஈடுபடுதல் எப்பொழுதும் நன்மைக்கே என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க. அன்று தீ வைத்தவர்களும் பெற்றாரே. இவற்றோடு பிரம்படி வேறு. பொருளறியாது ஒப்புவிக்கும் கிளிப்பாடம் வேறு.

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண்பாடசாலையும் தோன்றின. அவர்கள் ஊர்தோறும் தமிழ்ப் பள்ளிகளை அமைத்தனர். நாட்டு ஆசிரியரையே அவற்றில் நியமித்தனர். பெண்ணை அனுப்பப் பெற்றார் தயங்கியதால் உணவும் உடையும் கொடுத்து, படித்து முடிக்கும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுக்க முன்வந்தனர். பெற்றாரின் மனம் எவ்விடத்திற் கட்டுண்டிருந்தது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்றே சொல்லவேண்டும். உடுவிலிற் படித்த பெண் தாயானபோது, எண்ணையும் எழுத்தையும் பிள்ளைக்கு வீட்டிலே சொல்லிக்கொடுக்கத்தக்க தாய் ஒருத்தி யாழ்ப்பாணத்தில் முதன்முறையாக உண்டானாள். சமயத்தால் நமக்கும் அவர்களுக்கும் வேற்றுமை உண்டு; இந்த நன்மையை மறுக்க அது காரணமாகாது.

நல்லூர் ஆறுமுகநாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுவருடம் அச்சியந்திரம் நிறுவினார், பாலபாடங்கள் அச்சாயின. நாவலர் நல்லூர்த் திண்ணையிற் படிக்கத் தொடங்கியவர். பின் மிசன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றுக் கற்பித்தவர். இரண்டையும் கண்ட அவர் செய்த ஒரு காரியம் நமது பொருளுக்கு மிக நெருங்கியது. வித்தியாசாலையை நடத்தப் பணமில்லாதபோது வீடுகளிற் பிடியரிசி சேர்க்கப்பட்டது. உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்து வேறாக வைத்தல் பெண்களின் வேலை. பெயர் எழுதத் தெரியாத அந்தப் பெண்கள் நாள்தோறும் பள்ளியை நினைத்தார்கள். அந்நினைவுக்கு எந்த அறிவித்தலும் வேண்டியிருக்கவில்லை.

அச்சுப் புத்தகம் வந்ததால் உண்டான நன்மைகளைச் சொல்லவேண்டுவதில்லை. ஆனால் கணக்கைப் பொறுத்தவரையில் ஒரு மாற்றம் சந்தடியின்றி நிகழ்ந்தது. இலங்கையில் 1825 தொடக்கம் இங்கிலாந்தின் பவுண், சிலிங், பென்சே அரச நாணயம். 12 பென்சு ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண் என்று பிள்ளை பள்ளியிற் படித்தது. வீட்டில் தாயும் தகப்பனும் பணம், சல்லி என்று பேசினர். பள்ளிக் கணக்கும் வீட்டுக் கணக்கும் முதன்முதற் பிரிந்தது அவ்விடத்திலே. 1872இல் ரூபாவும் சதமும் வந்தபோது காசுக் கணக்கு எளிதாயிற்று. நிறுத்தலும் முகத்தலும் எளிதாகவில்லை. 16 அவுன்ஸ் ஓர் இறாத்தல், 112 இறாத்தல் ஓர் அந்தர். வீசம் அறிந்த கிழவருக்கு அவுன்ஸ் இறாத்தலில் ஒரு வீசம் என்று சொன்னால் ஒரு கணத்தில் விளங்கியிருக்கும். அப்படி எவரும் சொன்னதாகத் தெரியவில்லை. புதிய கணக்கு வேறு, பழைய கணக்கு வேறு என்றே வைத்துவிட்டனர்.

இவற்றினும் பெரிய பிரிவை உண்டாக்கியது வேறொன்று. 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் ஏற்பட்டது. அதனையடுத்துப் பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை என்னும் முறை வந்தது. வித்தியாதரிசி வருடத்துக்கு ஒருமுறை வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். சித்தியெய்திய தலைகளுக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் கிடைக்கும். இங்கிலாந்தில் 1862இல் தொடங்கிய வழக்கம் இது. இதன் பயன் யாதெனில், ஆசிரியர் தம் வேலையைக் காட்டவேண்டிய ஆள் மாறிவிட்டார். முன்னர் அவர் காட்டவேண்டியிருந்தது தெருவுக்கும் வீட்டுக்கும். இப்போது குதிரை வண்டியில் வந்திறங்கும் ஒரு துரைக்கு. பெற்றாருக்குக் கிடைத்த செய்தி 'பாஸ்' அல்லது 'பெயில்' என்ற ஒரு சொல். எவ்விடத்தில் தவறினான், எதனாலே தவறினான் என்பதை அந்த ஒரு சொல் சொல்லமாட்டாது. பாடசாலைகளுக்கு மதிலும் வந்தது. வகுப்பில் மௌனம் ஒழுக்கமாயிற்று. திண்ணையின் ஓசை அடங்கிற்று.

பின்வந்த சட்டங்களை விரைந்து கூறிச் செல்வோம். 1906, 1907ஆம் ஆண்டுகளின் நகர, கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டங்களால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல் பெற்றாரின் சட்டக் கடமையாயிற்று. 1923இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றி, பள்ளியில்லாத ஊர்களிலே சைவப் பாடசாலைகளைத் திறந்தது. 1943இல் கன்னங்கரா குழுவின் அறிக்கை. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றனர். இந்தக் கடைசி மாற்றத்தைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு அபிப்பிராயம் உண்டு. ஏழைப் பிள்ளைக்கும் சம்பளமின்றிப் படிப்பு என்பது பெருநன்மை, அதில் ஐயமில்லை. ஆயின் அதுவரையும் ஊரார் தம் பள்ளி என்று கிடுகு வேய்ந்தும் வேலி அடைத்தும் வந்த கொட்டில், அதன்பின் 'கவுண்மேந்துப் பள்ளிக்கூடம்' ஆயிற்று. கூரை ஒழுகினால் கொழும்புக்கு எழுதுவார்கள் என்று ஊரார் இருந்துவிட்டனர். பிள்ளையின் கணக்கு ஒழுகினாலும் அப்படியே இருந்துவிட்டனர் என்று சொன்னால் முதியோர் சிலர் கோபிப்பர். அவர்களுள் சிலர் ஒப்புக்கொள்வர்.

பெற்றார் ஆசிரியர் சங்கங்களும், பின்னர் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இந்த இடைவெளியை நிரப்ப வந்தவை. அவற்றின் கூட்ட அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் கட்டட நிதி, தளபாடம், பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டிக்குத் தண்ணீர்ப் பந்தல் என்பவையே நிரம்பியிருக்கும். இவை வேண்டாதவை அல்ல. ஆனால் முதலாம் வகுப்புப் பிள்ளை பத்துக்குள் எண்ணுவதைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறியதை நாம் கண்டதில்லை.

1970களில் மெற்றிக் அளவை வந்தது. இறாத்தலும் அந்தரும் யாரும் புசலும் பள்ளிப் புத்தகத்தை விட்டுப் போயின. அளவைகளை எளிதாக்கிய நன்மை பெரிது. ஆயினும் ஒரு தலைமுறைத் தாய் தகப்பனின் அறிவு ஒரே நாளில் பழையதாகிவிட்டது. 'அது எங்கடை காலத்துக் கணக்கு, இப்ப வேறை' என்ற சொல் வீடுகளில் அக்காலத்திற் புகுந்தது, இன்றும் போகவில்லை. காணியைப் பற்றிய பேச்சில் மாத்திரம் நம்மவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏக்கருக்கு 16 பரப்பு என்பது யாழ்ப்பாணத்தில் இன்றும் வேலிச் சண்டைக்காரர் அனைவரும் அறிந்த வாய்பாடு.

1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, பாடசாலைகளும் உடன் பெயர்ந்தன. தென்மராட்சியிலும் வன்னியிலும் மரத்தடியிலும் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. மதில் இல்லாதபடியால் பிள்ளைகளின் குரல் பெற்றாருக்கு மீண்டும் கேட்டது. அந்த ஓசையை அவ்விதம் திரும்பப் பெறவேண்டும் என்று எவரும் விரும்பியிருக்கமாட்டார்.

அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் இப்பொருளில் கண்டவை சில நமது பழைய வீட்டு வழக்கங்களுக்கு அருகே வருகின்றன. அமெரிக்காவில் ராமானி, சீக்லர் என்னும் இருவர் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வறிய குடும்பத்துச் சிறு பிள்ளைகளுக்கு ஒன்று முதல் பத்துவரை கட்டங்கள் வரிசையாக எழுதிய பலகையில் காய் நகர்த்தி விளையாடக் கொடுத்தனர். இரண்டு கிழமைக்குள் சில தடவை விளையாடிய அப்பிள்ளைகள் எண்ணுதலிலும், எது பெரிது எது சிறிது என்பதிலும் முன்னேறினர். ஒன்பது கிழமை கழிந்தும் அம்முன்னேற்றம் நிலைத்தது. தாயம் உருட்டிக் காய் நகர்த்தும் வீடுகளில் நடப்பது இதுவேயன்றோ! பல்லாங்குழியில் 14 குழி. குழிக்கு ஐந்தாகப் போட்டால் 70 கொட்டை. பிடித்தவன் எத்தனை, விட்டவன் எத்தனை என்று கணக்கெடாமல் அவ்விளையாட்டு முடியாது. பெண்பிள்ளைகள் கொக்கான் வெட்டும்போதும் அப்படியே. நெல் அளப்பவர் ஒன்று என்னாது 'இலாபம்' என்று தொடங்குவதைக் கேட்ட பிள்ளை, ஒன்றுக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்பதை எந்த வகுப்பிலும் கல்லாமற் கற்றுக்கொண்டது.

இன்னொரு ஆராய்ச்சி நமது கவனத்துக்கு மிக உரியது. 2015இல் மலோனி முதலான ஐவர் வெளியிட்டது. கணக்கு என்றால் அஞ்சும் பெற்றார், முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுக் கணக்கில் அடிக்கடி உதவும்போது, அப்பிள்ளைகள் அவ்வருடத்திற் குறைவாகவே கற்றனர் என்பது அவர்கள் கண்டது. அடிக்கடி உதவாத பெற்றாரின் அச்சம் பிள்ளையை அவ்வளவு தாக்கவில்லை. பெற்றார் உதவக்கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளற்க. அஞ்சுகின்ற தாய் அப்பியாசக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, 'எனக்கும் உது ஓடாது' என்று சொல்லிச் சொல்லி உதவும்போது, கணக்கைவிட அச்சமே முதலிற் பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றது. அத்தாயே சோற்றுக்கு அரிசி அளக்கும்போதும், சந்தையில் மிச்சக் காசு எண்ணும்போதும் அஞ்சுவதில்லை. அவளுக்குத் தெரிந்தது கணக்குத்தான் என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. நாம் முன்னே கூறிய பிரிவுகள் ஒவ்வொன்றும் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டன.

1999 தொடக்கம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று முதல் வகுப்புகளின் முறையை மாற்றிற்று. நல்ல மாற்றம். பெற்றாருக்கோ அது விளையாட்டாகவே தோன்றிற்று. கொப்பியில் ஒன்றும் எழுதவில்லையே என்று முறையிட்டவர் பலர். தனியார் வகுப்புக்கு அனுப்பியவர் அதிலும் பலர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முதலாம் வகுப்புவரை நீண்டு விழுகின்றது. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டுவது எதற்கு என்று ஆசிரியை ஒரு வார்த்தை வீட்டுக்குச் சொல்லியனுப்பியிருந்தால், அந்தப் பணமும் மாலை நேரமும் எத்தனையோ வீடுகளில் மிஞ்சியிருக்கும். 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைத்தொலைபேசியில் வந்தன. அன்று உண்டான பெற்றார் குழுக்கள் இன்றும் பல வகுப்புகளில் இருக்கின்றன. அவற்றால் வருவன பெரும்பாலும் நாளைக்கு வெள்ளைச் சப்பாத்து, வெள்ளிக்கிழமை பூசைக்குப் பூ, பணம் கட்டக் கடைசித் திகதி.

நமது சங்கங்களின் இளைஞர் அறநெறிப் பாடசாலைகளிலும் மாலை வகுப்புகளிலும் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். அவர்களுக்கு ஒரு சிறு வேலையை நாம் முன்வைக்கின்றோம். கிழமைக்கு ஒருமுறை நாலு வரியில் ஒரு துண்டு எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம். இக்கிழமை பிள்ளை இருபதுவரை எண்ணப் பழகுகின்றது. வீட்டில் தேங்காய்களை எண்ணச் சொல்லுங்கள். பிழைத்தால் ஏசாமல் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். எண்ணியதை எங்களுக்கும் சொல்லியனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத பெற்றார் இருப்பின் வீட்டுப் படலையில் நின்று வாயாற் சொல்லலாம். முதியோருக்கும் ஒரு வேலை உண்டு. கொத்து, பறை, புசல், இறாத்தல் என்பவற்றைக் கையால் அளந்து வாழ்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். ஒரு கொத்து அரிசியை இக்காலத்துக் கிராம் தராசில் வைத்துப் பேரப்பிள்ளையோடு நிறுத்துப் பார்த்தால், எத்தனை வருகின்றது என்பதைப் பிள்ளையே எழுதி வைக்கட்டும். அரிசிக்கு அரிசி, ஊருக்கு ஊர் அந்த எண் சற்று மாறும். ஏன் மாறுகின்றது என்று பிள்ளை கேட்கும்.